முதலில் சொன்னவருக்குக் குதிரைக்குட்டி

எங்கள் பள்ளத்தாக்குக்குப் போகும் வேன் மணி பார்த்துக் கிளம்புவதில்லை. ஆள் நிரம்பினால் கிளம்பும், நிரம்பாவிட்டால் நிற்கும். பிஷ்கேக் பேருந்து நிலையத்தில் படுத்திருக்கும் நாய்களுக்குக்கூட இது தெரியும். பின் இருக்கையில் அப்பாவுக்கும் சன்னலுக்கும் நடுவே திணிக்கப்பட்டிருந்த கனிஷாய்க்கு மட்டும் தெரியவில்லை. அவளுக்கு ஏழு வயது.

"அப்பா, ஏன் போகல?"

"ஆள் வரணும்."

"எந்த ஆளு?"

"யாராவது."

"யாராவதுன்னா யாரு?"

அப்பாவின் பெயர் தோக்தோசுன். பொறுமையான ஆள்தான், ஆனால் எல்லாப் பொறுமைசாலிகளையும் போல, நாலு பேர் பார்க்கும்போது மட்டும் பொறுமை கொஞ்சம் குறைந்துவிடும். மகளின் ஸ்வெட்டரைப் பிடித்துக் கீழே இழுத்தான். அவள் வழுக்கிக்கொண்டு போய் வேன் கதவில் நின்று, நடைமேடையில் போகிறவர்களைப் பார்த்துக் கூவ ஆரம்பித்தாள்.

"அண்ணே, எங்க ஊருக்கு வாங்களேன்! ஒரு சீட்டுதான் இருக்கு! அக்கா, நீங்க வாங்க, ஊரு நல்லாருக்கும்!"

"தோக்தோசுன், இவள எனக்கு வேலைக்குக் குடுத்துடுப்பா," என்றான் ஓட்டுநர் கெஞ்செபாய். "கத்துறதுக்குன்னு ஒருத்தன வெச்சிருக்கேன், தின்றதுக்கு மட்டும்தான் வாயத் திறக்கிறான்."

எல்லோரும் சிரித்தோம். தோக்தோசுனின் காது சிவந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளின் நடத்தை என்பது பெற்றோரின் சொந்த விஷயம் அல்ல. வேனில் இருக்கும் எவரும் எவர் பிள்ளையையும் கண்டிக்கலாம். கண்டித்தவருக்கு அப்பன் நன்றி சொல்ல வேண்டும். அன்று அவன் பல பேருக்கு நன்றி சொல்லவேண்டி வந்தது.

கடைசி இருக்கைக்கு வந்து சேர்ந்தவர் மாமிர்கான் அக்சகால். வெண்தாடி வளர்ந்த எவரையும் நாங்கள் அக்சகால் என்று அழைத்துவிடுவோம். இவரோ அந்தச் சொல்லே தனக்காகத்தான் உண்டாக்கப்பட்டது என்று நம்புகிறவர். ஒரு காலத்தில் மாவட்டக் கலாசாரத் துறைக்குத் தலைவராக இருந்தார். துறை போய்விட்டது, தலைவர் மட்டும் மிஞ்சினார். கல்யாணமோ கருமாதியோ, எங்கே நாலு பேர் உட்கார்ந்தாலும் எழுந்து நின்று பேசுவார். உயரமான வெள்ளைக் கம்பளித் தொப்பி, கோட்டில் மூன்று பதக்கங்கள். எதற்காகக் கொடுத்த பதக்கங்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்ற பயம். முன் இருக்கையில் இருந்த கல்லூரிப் பையன் தானாகவே எழுந்து பின்னால் போனான். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. வேன் கிளம்பியது.

"வந்துடுச்சா?" என்றாள் கனிஷாய். நாங்கள் இன்னும் நகரத்தின் கடைசிப் போக்குவரத்து விளக்கைக்கூடத் தாண்டவில்லை.

அதன்பின் ஒவ்வொரு பாலத்துக்கும் ஒவ்வொரு பெட்ரோல் நிலையத்துக்கும் இதே கேள்வி. எனக்கு முன்னால் இருந்த ஊல்கான் அக்கா, குருத் விற்கிறவள், தன் பையிலிருந்து ஒரு குருத் உருண்டையை எடுத்துப் பின்னால் நீட்டினாள். காய்ந்த தயிர்க்கட்டி, வாயில் போட்டால் கரைவதற்கு அரை நாள் ஆகும். எங்கள் பள்ளத்தாக்கில் குழந்தைகளின் வாயை அடைப்பதற்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

"என்னடி இப்படிப் பறக்கிற? அடுப்புல பால வெச்சுட்டா வந்த?"

"இல்ல," என்றாள் கனிஷாய், குருத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. "எங்கிட்ட ஒண்ணு இருக்கு. ஆனா சொல்லமாட்டேன்."

"கனிஷாய்!" என்றான் அப்பன்.

"சொல்லலையே! சொல்லமாட்டேன்னுதானே சொன்னேன்!"

இந்த இடத்தில்தான் அக்சகால் திரும்பினார். முன் இருக்கையிலிருந்து ஒரு பெரிய மனிதர் திரும்புவது சாதாரணக் காரியமில்லை. முதலில் தொப்பி திரும்பியது, பிறகு தாடி, அதற்குப் பிறகு பதக்கங்கள் கிணுகிணுத்தன.

"பொறுமைங்கிறது மனுஷனோட முதல் நகை, மகளே," என்றார். "நாங்க உன் வயசுல மலையில ஆடு மேய்ச்சோம். அப்பா வாய் திறக்குற வரைக்கும் நாங்க வாய் திறக்கமாட்டோம். ஒரு சேதி தெரிஞ்சாக்கூட ஒரு வாரம் நெஞ்சுக்குள்ளயே வெச்சிருப்போம். சின்னப் புள்ளைங்கன்னா அப்படி இருக்கணும்."

கனிஷாய் அவரை உற்றுப் பார்த்தாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள்:

"நீங்க சின்னப் புள்ளையா இருந்தப்ப, உங்க பெரியப்பாவுக்குப் பையன் பொறந்தானா?"

கெஞ்செபாய் வானொலியை அணைத்தான். தோக்தோசுன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

எங்களுக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. தோக்தோசுனுக்கு ஒரே ஒரு அண்ணன். காரிப்பாய், எங்கள் கால்நடை மருத்துவர். பள்ளத்தாக்கில் அவர் எண் இல்லாத செல்போன் கிடையாது. எவன் வீட்டுப் பசுவுக்கு வயிறு உப்பினாலும் கிளம்பி வருவார். ஊரில் உள்ள எல்லா மாட்டுக்கும் பேறு பார்த்தவர். அவர் வீட்டில் மட்டும் தொட்டில் ஆடவில்லை. கல்யாணமாகிப் பதினைந்து வருடம். போன மாதம் ஒரு பெண்குதிரை உதைத்து அவருடைய கால் முறிந்து மாவுக்கட்டில் இருந்ததால், மனைவி ஆயிம்குல்லோடு பிரசவ மருத்துவமனைக்குப் போக முடியாமல் தம்பியை அனுப்பியிருந்தார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இப்போது மிச்சமும் தெரிந்துவிட்டது.

"பையனா?" என்றாள் ஊல்கான் அக்கா, கண்ணில் நீரோடு. "தோக்தோசுன், பையனா?"

"விடியக்காலைல," என்றான் அவன். பிறகு கும்பிடாத குறையாகச் சொன்னான்: "பெரியவங்களே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். யாரும் அண்ணனுக்குப் போன் பண்ணிடாதீங்க. நான் என் போன அணைச்சு வெச்சிருக்கேன். அண்ணியும் அணைச்சுட்டாங்க. இவதான் போய்ச் சொல்லணும்னு அண்ணி ஆசைப்பட்டாங்க."

"ஆமா," என்றாள் கனிஷாய். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் எழுந்தே நின்றுவிட்டாள். "நான் கதவுகிட்ட போயி சுயுன்சுன்னு கத்தணும். பெரியப்பா என்ன வேணும்னு கேப்பாரு. சிவப்புக் குதிரைக்குட்டின்னு சொல்லணும். அவரு சரின்னு சொன்னதுக்கு அப்புறம்தான் பையன்னு சொல்லணும். அப்போ அவரு மூஞ்சி எப்படி ஆகுதுன்னு நல்லாப் பாத்துக்கணும். அழறாரா, சிரிக்கிறாரா, கையி எங்க போகுது, எல்லாம். பெரியம்மா கேட்டாங்க. அவங்களால பாக்க முடியாதுல்ல? அதனால நான் பாத்துட்டுப் போய்ச் சொல்லணும்."

நல்ல சேதி கொண்டுவருகிறவர் 'சுயுன்சு' என்று கத்துவதும், சேதி என்னவென்று கேட்பதற்கு முன்பே வீட்டுக்காரர் பரிசுக்கு வாக்குக் கொடுப்பதும் எங்களுக்கு மூச்சுவிடுவதைப் போல. பரிசு முதலில் சொன்னவருக்கு. காரிப்பாயின் பரிசு என்னவென்றும் ஊருக்குத் தெரியும். அந்த வசந்தத்தில் பிறந்த, நெற்றியில் வெள்ளை விழுந்த சிவப்புக் குட்டி. சந்தைக்கு வந்தால் நானே கேட்டிருப்பேன்.

அக்சகால் தொண்டையைச் செருமினார். பேசாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

"பாத்தீங்களா மக்களே! இதுதான் நம்ம மரபு! இன்னிக்கு என்ன நடக்குது? புள்ளையோட தலை வெளிய வந்ததும் போன். கால் வெளிய வர்றதுக்குள்ள போட்டோ. மனுஷன் வாயால மனுஷன் காதுக்குச் சேதி போறது செத்துப்போச்சு. இந்தச் சின்னப் பொண்ணு அதைத் தன் நெஞ்சுல சுமந்துட்டுப் போறா. இவ வழியில குறுக்க போறவன் மனுஷனே இல்ல. கையேந்துங்க."

ஏந்தினோம். கெஞ்செபாய்கூட ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு மறு கையை ஏந்தினான். அக்சகால் குழந்தைக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும், சேதியைச் சுமக்கும் சிறுமிக்கும், அவளுடைய வருங்காலக் கணவனுக்கும் ஆசி சொன்னார். "ஓமீன்," என்று முகத்தை வழித்துக்கொண்டோம். கனிஷாய் முகத்தைப் பலமுறை வழித்துக்கொண்டாள், பலன் சேரட்டும் என்று. என் நெஞ்சு உண்மையாகவே நிறைந்திருந்தது. எங்களைப் போன்ற மக்கள் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். அது ஒருவகையில் சரிதான்.

பூம் கணவாய்க்குள் நுழைவதற்கு முன்பே கனிஷாய் தூங்கிப்போனாள். சேதியைச் சுமந்த களைப்பு. சாப்பாட்டுக்காக வேன் நின்றபோது தோக்தோசுன் இறங்கவில்லை. மகளின் தலை அவன் மடியில் இருந்தது. "எழுந்தா மறுபடி ஆரம்பிச்சுடுவா," என்று கிசுகிசுத்தான். "நீங்க சாப்பிடுங்க." நாங்கள் கால்நுனியில் நடந்து இறங்கினோம். அவ்வளவு அக்கறை.

அந்தக் கணவாயில் பாறை வானத்தையே மறைக்கும். செல்போனுக்குச் சிக்னல் வராது. உணவகத்தின் கழிப்பறைக்குப் பின்னால், மேட்டில் ஏறி, ஆற்றைப் பார்த்து நின்றால் மட்டும் கொஞ்சம் வரும். வழக்கமாகப் போகிறவர்களுக்கு இது தெரியும். நாங்கள் எல்லோருமே வழக்கமாகப் போகிறவர்கள்.

முதலில் அக்சகால் போனார். வயதானவர், அவசரமாக இருக்கும் என்று நினைத்தேன். என் சம்சா வருவதற்குள் திரும்பிவிட்டார், முகத்தில் நிம்மதி. பிறகு ஊல்கான் அக்கா போனாள். பிறகு கெஞ்செபாய். பிறகு அந்தக் கல்லூரிப் பையன். சூப் ஆறிக்கொண்டிருக்க ஒரு வேன் நிறைய மக்கள் கழிப்பறைக்கு வரிசையாகப் போய் வருவதைப் பார்த்து, பரிமாறுகிற பெண், "எங்க சாப்பாட்டுல ஒண்ணும் இல்லீங்க, சத்தியமா," என்றாள்.

நான் போனபோது மேட்டில் ஈரமண்ணில் காலணித் தடங்கள் ஆற்றைப் பார்த்து நின்றிருந்தன. காரிப்பாய் பாவம் விடியலிலிருந்து தவித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். கால் முறிந்த மனிதர், தம்பியின் போனும் அணைந்திருக்கிறது, மனைவியின் போனும் அணைந்திருக்கிறது, என்னென்ன நினைக்கிறாரோ. ஒரு வார்த்தை சொன்னால் இரக்கம்தானே. ஒவ்வொருவருக்கும் அந்த மேட்டில் இதே இரக்கம்தான் சுரந்திருக்க வேண்டும். குதிரைக்குட்டியின் நினைவு ஒருவருக்கும் வந்திருக்காது. எண்ணை அழுத்தினேன். அவர் ஏற்கெனவே வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

மறுபடி வேனில் ஏறியபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கனிஷாய் விழித்துவிட்டிருந்தாள்.

"வந்துடுச்சா?"

"இதோ வந்துடும் கண்ணு," என்று வேனே சேர்ந்து சொன்னது. அவளை அப்போது யாரும் கண்டிக்கவில்லை.

காரிப்பாய் எங்களைக் காட்டிக்கொடுப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இப்படிப்பட்ட பரிசு பின்னொரு நாள் சந்தடியில்லாமல் வீடு தேடி வரும், அதுதான் வழக்கம். அவர் இடுக்குக்கோலை ஊன்றிக்கொண்டு சாலைக்கே வந்து நிற்பார் என்று எவர் கண்டார்?

நின்றிருந்தார். சாரி-புலாக் நிறுத்தத்தில், புதுச் சட்டையில், மாவுக்கட்டுக் காலோடு. பின்னால் அவர் வீட்டு முற்றத்தில் பெரிய கொப்பரைகளிலிருந்து ஆவி எழுந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ரொட்டிக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தார்கள். வேலிக் கம்பத்தில் சிவப்புக் குட்டி கட்டப்பட்டிருந்தது, கழுத்தில் வெள்ளைத் துணி முடிந்து.

கனிஷாய் எதையும் பார்க்கவில்லை. எங்கள் முழங்கால்களையெல்லாம் மிதித்துக்கொண்டு கதவுக்கு ஓடினாள். ஆனால் எங்கள் வேனில் கதவு முன்னிருக்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அக்சகால் முதலில் இறங்கியாக வேண்டும். பெரியவரைத் தாண்டிக் குழந்தை இறங்கக் கூடாது. தோக்தோசுன் அவளைப் பிடித்து நிறுத்தினான்.

"வாங்க, அக்சகால்!" காரிப்பாய் இடுக்குக்கோலோடேயே அவரைக் கட்டிக்கொண்டார். "எனக்கு முதல் முதல்ல சுயுன்சு சொன்ன வாய் உங்க வாய்! அதுல சர்க்கரையத்தான் போடணும்!" பக்கத்தில் நின்ற பெண்ணின் கையிலிருந்து ஒரு வெல்வெட் மேலங்கியை வாங்கி, அந்த வெயிலில், அவர் தோளில் போர்த்தினார். "குட்டி உங்களுது. சொன்னா சொன்னதுதான்."

"அது வந்து, காரிப்பாய், நான் சும்மா..." என்றார் அக்சகால். வாழ்நாளில் அவர் பேசிய மிகச் சின்ன உரை.

"ஊல்கான் அக்கா! நீங்க ரெண்டாவதா கூப்பிட்டீங்க. சந்தோஷத்துல ரெண்டாவது என்ன, மூணாவது என்ன?" அவள் தலையில் பூப்போட்ட முக்காடு விழுந்தது. "கெஞ்செபாய், நீ போன்ல அழுதே பாரு, அத நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்." கெஞ்செபாய்க்கு ஒரு தொப்பி. கல்லூரிப் பையனுக்கு ஒரு சட்டை. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார், ஒவ்வொருவராக இறங்கினோம். பிறந்த குழந்தையின் பேரால் தருவதை மறுத்தால் குழந்தைக்கு ஆகாது. கை நீட்டத்தான் வேண்டும்.

"ஷார்ஷென் அண்ணே!" அது நான். "நீங்க கூப்பிட்டப்ப லைன்ல வேற ஆள் இருந்தாங்க. மிஸ்டு கால் பாத்ததுமே புரிஞ்சுடுச்சு, நீங்களும் இதுக்குத்தான்னு. உங்கள விட முடியுமா?"

என் தலையில் புதுத் தொப்பியை அவரே வைத்தார். அளவு சரியாக இருந்தது.

கனிஷாய் வேனின் படியில் நின்று இதையெல்லாம் பார்த்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அவள் தலை திரும்பியது. அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். குழந்தையைத் தேற்றுகிறவர்களாக மாறியிருப்போம்.

"என் கண்ணே, நீ படியிலயே நிக்கிறியே! வா!" காரிப்பாய் கையை விரித்தார். "பட்டணத்துலருந்து பெரியப்பாவுக்கு என்ன கொண்டுவந்த?"

அவள் வாய் திறந்தது. மூடியது.

"ஒண்ணும் கொண்டுவரல பெரியப்பா."

அப்போது தோக்தோசுன் வெடித்தான். வெண்தாடிக்காரரை ஏச அவனுக்கு உரிமையில்லை. ஊல்கான் அக்காவை ஏச முடியாது, அவள் வயதில் மூத்தவள். என்னையும் முடியாது. மிச்சம் இருந்தது ஒரே ஒருத்திதான்.

"எத்தனை தடவ சொன்னேன், வாய மூடிட்டு வா வாய மூடிட்டு வான்னு! கேட்டியா? அரை நாள் பொறுத்துக்க முடிஞ்சுதா உன்னால? எல்லாம் உன் நாக்குனாலதான்! பெரியம்மாகிட்ட இப்ப போய் என்ன சொல்லுவ?"

வெட்கக்கேட்டைச் சொல்கிறேன்: அவன் அவளைத் திட்டியபோது எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கூட்டத்தில் ஒரு குரல், "ஆமா, சின்னப் புள்ளைங்க..." என்றுகூட ஆரம்பித்தது. முடிக்கவில்லை.

காரிப்பாய் தம்பியைப் பார்த்தார். அவன் மகளைப் பார்த்தார். மாடு எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. பார்த்தே கண்டுபிடிக்கிறவர் அவர். மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினார். மேலங்கி, முக்காடு, தொப்பிகள். அவர் முகத்தில் அதுவரை இருந்த வெளிச்சம் வடிவதை எல்லோரும் பார்த்தோம். கனிஷாயும் பார்த்தாள், இமைக்காமல்.

"ஆயிம்குல் இவளையா அனுப்பினா?" என்றார்.

தோக்தோசுன் ஆமென்று தலையசைத்தான்.

அக்சகால்தான் அசைந்தார். வேலிக்குப் போய்க் குட்டியை அவிழ்த்து, கயிற்றோடு வந்து, சிறுமியின் முன் நின்று, ஒரு கையை உயர்த்தினார். "மகளே! பெருந்தன்மைங்கிறது நம்ம முன்னோர் நமக்கு விட்டுப்போன..." குட்டி அவர் தோளில் தும்மியது. வெல்வெட்டில் சளி வழிந்தது. யாரும் சிரிக்கவில்லை. "இந்தா, இது உன்னுது. புடி."

கனிஷாய் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு வேணாம் தாத்தா. நீங்கதானே மொதல்ல சொன்னீங்க."

"எடுத்துக்கம்மா, நான் குடுக்குறேன்ல..."

"அக்சகால்," என்றார் காரிப்பாய். குரலில் மரியாதை முழுசாக இருந்தது, வேறொன்றும் இல்லை. "எம் புள்ள பேரால குடுத்தது. திருப்பி வாங்க முடியாது. ஓட்டிட்டுப் போங்க."

வேனில் குதிரைக்குட்டியை ஏற்ற முடியாது. அக்சகாலின் ஊர் காரா-தால், மலைக்கு அந்தப் பக்கம். அந்த வெயிலில், தொப்பியும் பதக்கங்களும் மேலங்கியுமாக, அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். குட்டி தன் தாய் இருக்கும் பக்கம் இழுத்தது. அவர் இந்தப் பக்கம் இழுத்தார். வேன் தாண்டிப் போகும்போது கெஞ்செபாய் வழக்கமாக அடிக்கும் ஹாரனை அடிக்கவில்லை.

பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். காரிப்பாய் இடுக்குக்கோலை எறிந்துவிட்டுப் புழுதியில் உட்கார்ந்து, நீட்டிய மாவுக்கட்டுக் காலோடு, அவள் உயரத்துக்கு இறங்கி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். கனிஷாய் கைகளை இன்னும் பின்னால்தான் கட்டியிருந்தாள். பதில் சொன்னாளா என்று தெரியவில்லை, வளைவு வந்துவிட்டது.

ஊல்கான் அக்கா முக்காட்டைக் கழற்றி மடித்தாள். பையில் வைக்கவும் மனமில்லை, வெளியே வைத்துக்கொள்ளவும் மனமில்லை. கல்லூரிப் பையன் சட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டான். நான் தொப்பியை எடுத்து மடியில் வைத்தேன். மடியிலும் அது புதிதாகவே இருந்தது.

அடுத்த ஊரில் ஒரு பெண் ஏறினாள், கையில் தயிர்க் குடுவையோடு. எங்களை ஒரு பார்வை பார்த்தாள். ஓட்டுநர் தலையில் புதுத் தொப்பி, ஒருத்தி மடியில் புது முக்காடு, என் கையில் இன்னொரு தொப்பி. முகம் மலர்ந்துபோனாள்.

"அட, என்ன விசேஷம்? எல்லாரும் சுயுன்சு வாங்கிட்டு வர்ற மாதிரி இருக்கே! யாருக்கு என்ன நல்லது நடந்துச்சு? சொல்லுங்களேன்!"

சொல்ல வேண்டும். நல்ல சேதி, பதினைந்து வருடம் காத்திருந்த சேதி. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கெஞ்செபாய் கண்ணாடியைத் துடைத்தான். ஊல்கான் அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னாச்சு? வாயில குருத்தா?" என்று அவள் சிரித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குடுவையை மடியில் இறுக்கிக்கொண்டு, காலியாக இருந்த இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.